தகர டப்பாவுக்குள் வண்டு: டிஜிட்டல் ஆம்புக்கு எந்தப் பெட்டி?

கேள்வி: ஐயா, வணக்கம். திருச்சியிலிருந்து எழுதுகிறேன். வயது 29. பகலில் வங்கி வேலை. ஞாயிறு காலையில் சர்ச்சிலும், முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவிலும் கிடார் வாசிக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் லைன் 6 ஹீலிக்ஸ் எல்டி என்ற, ஆம்புகளின் சத்தத்தை டிஜிட்டலில் போலச் செய்து தருகிற கருவியை வாங்கினேன். ஹெட்ஃபோனில் கேட்டால் சொர்க்கம். வீட்டிலிருக்கும் பழைய டிரான்சிஸ்டர் ஆம்பின் முன்பக்கம் செருகினால், தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. அந்த ஆம்பில் ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர், பின்னால் சென்ட், ரிட்டர்ன் என்ற ஜாக்குகள் இரண்டும் உண்டு. நண்பர்கள் ‘ஃபுல் ரேஞ்ச் பெட்டி வாங்கு, எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறார்கள். அடிச்சத்தம் முதல் உச்சம் வரை எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்காமல் தருகிற பெட்டியாம். 8 இன்ச் போதும் என்கிறார் ஒருவர், 12 இல்லாமல் வாங்காதே என்கிறார் இன்னொருவர், 2000 வாட் வேண்டும் என்கிறார் மூன்றாமவர். எதை வாங்குவது? பழைய ஆம்பை விற்றுவிடலாமா?

பதில்: தம்பி, வாங்குவதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த வண்டைப் பிடிப்போம்.

கிடார் ஆம்புக்குள் இருக்கிற ஸ்பீக்கர், பாட்டுக் கேட்பதற்கான ஸ்பீக்கர் இல்லை. ராக் மேடைகளில் எங்கும் புழங்கும் செலஸ்டியன் விண்டேஜ் 30 என்ற 12 இன்ச் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விவரத் தாளில் 70 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கும். நல்ல காது கேட்பது கிட்டத்தட்ட 20,000 வரை. 5000-க்கு மேலே இருக்கிற கரகரப்பை எல்லாம் அந்தக் காகிதக் கூம்பு விழுங்கிவிடும். டிஸ்டார்ஷன் போட்ட கிடாரை நேராக மிக்ஸரில் செருகிக் கேட்டிருக்கிறீர்களா? மரம் அறுக்கிற மில் பக்கத்தில் நிற்பது போல இருக்கும். அதைக் குடிக்கிற பதத்துக்கு இறக்கித் தருகிற காபி ஃபில்டர்தான் கிடார் ஸ்பீக்கர்.

ஹீலிக்ஸ் மாதிரிக் கருவிகள் அந்த ஃபில்டரையும் உள்ளேயே வைத்திருக்கின்றன. ஆம்ப், அதன் ஸ்பீக்கர் பெட்டி, பெட்டிக்கு முன்னால் வைத்த மைக் வரைக்கும் கணக்குப் போட்டுத்தான் வெளியே அனுப்புகின்றன. ஹெட்ஃபோனில் நீங்கள் கேட்டது அதைத்தான். அதைக் கொண்டுபோய்ப் பழைய ஆம்பின் முன்பக்க ஜாக்கில் செருகினால், இறங்கிய காபியை மறுபடி ஃபில்டரில் ஊற்றுகிற கதை. பெட்டிக்குள் பெட்டி என்பதால் வருவது தகர டப்பா. வண்டு வேறு இடத்திலிருந்து வருகிறது. கிடாரின் மெல்லிய சிக்னலுக்காகச் செய்த ஜாக்கில் லைன் அளவுக்குப் பலமான சிக்னல் நுழைந்தால் அங்கே இருக்கிற பிரீஆம்ப், அதாவது மெல்லிய சிக்னலை முதலில் தூக்கிவிடுகிற பகுதி, திணறிப்போய் ரீங்கரிக்கும்.

இந்தச் சனிக்கிழமை காசு செலவில்லாமல் ஒன்று செய்து பாருங்கள். ஹீலிக்ஸிலிருந்து வரும் ஒயரை முன்பக்கம் செருகாமல், பின்னால் இருக்கிற ரிட்டர்னில் செருகுங்கள். அது பிரீஆம்பைத் தாண்டி நேராகப் பவர் ஆம்புக்குப் போகிற வழி. பிரீசெட்டில், அதாவது நீங்கள் சேமித்து வைத்த டோனில், ஆம்ப் பிளாக் இருக்கட்டும், ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்கிற கேப் பிளாக்கை மட்டும் அணையுங்கள். ஆம்பை ஆன் செய்வதற்கு முன் ஹீலிக்ஸின் பெரிய வால்யூம் குமிழை முழுக்கக் குறைத்துவிடுங்கள். பல ஆம்புகளில் ரிட்டர்ன் வழியாகப் போகும் சத்தத்துக்கு ஆம்பின் வால்யூம் குமிழ் கட்டுப்படாது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வரும்படி ஆகிவிடும். பிறகு மெல்ல ஏற்றுங்கள். வண்டு பறந்து போயிருக்கும்.

அந்தச் சத்தம் உங்களுக்குப் பிடித்துவிட்டால், உங்களுக்கு ஃபுல் ரேஞ்ச் பெட்டியே வேண்டியதில்லை என்றுகூட ஆகலாம். காலுக்குப் பின்னால் ஆம்ப் நின்று முதுகில் காற்றடிக்கிற அந்த உணர்வுக்குப் பழகிய கை சிலருக்கு உண்டு. அவர்களுக்கு எவ்வளவு விலையில் ஃபுல் ரேஞ்ச் வாங்கிக் கொடுத்தாலும், ‘நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ரெக்கார்டு கேட்கிற மாதிரி இருக்கிறதே’ என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஃபுல் ரேஞ்ச் பெட்டி கொடுப்பது மைக் வைத்துப் பதிவு செய்த கிடாரின் சத்தம். அறைக்குள் நிற்கிற ஆம்பின் சத்தத்தை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சர்ச்சிலும் மண்டபத்திலும் ஜனங்கள் கேட்பது உங்கள் பெட்டியை இல்லை. ஹீலிக்ஸின் எக்ஸ்எல்ஆர் அவுட்டிலிருந்து (மைக் ஒயர் செருகுகிற மூன்று பின் ஜாக்) மிக்ஸருக்குப் போய், அங்கிருந்து பெரிய பாக்ஸ்களில் வருவதைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் வாங்கப்போவது உங்கள் காதுக்கும், போனால் போகிறதென்று பக்கத்தில் நிற்கிற கீபோர்டுக்காரர் காதுக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். மிக்ஸருக்குப் போகிற சத்தத்தை ஒளிவுமறைவில்லாமல் உங்களுக்குக் காட்டுகிற பெட்டி வேண்டும். தன் பங்குக்கு இனிப்புச் சேர்த்துத் தருகிற பெட்டியை நம்பி டோன் அமைத்தால், அந்த இனிப்பு மண்டபத்துக்குப் போகாது.

வாட் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பெட்டியில் பெரிதாக அச்சிடுகிற எண் பெரும்பாலும் உச்சக் கணக்கு, கண் இமைக்கிற நேரம் தாங்குகிற அளவு. ஹெட்ரஷ் எஃப்ஆர்எஃப்ஆர் 112-ல் சொல்கிற 2000 வாட்டும் அப்படித்தான். தொடர்ந்து எவ்வளவு கொடுக்கும், அதிகபட்சம் எத்தனை டெசிபல் என்று பாருங்கள். வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்.

அப்படியானால் 40 வாட் டியூப் ஆம்ப் எப்படி மண்டபத்தை அதிர வைக்கிறது? கிடார் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கே ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் அளவுக்குக் கத்தும். 40 வாட் கொடுத்தால் 116. ஃபுல் ரேஞ்ச் பெட்டியின் ஸ்பீக்கர் கீழ் ஸ்தாயி வரை இறங்க வேண்டியிருப்பதால் அவ்வளவு கத்தாது. 94 டெசிபல் என்று வைத்துக்கொண்டால் அதே 116-ஐத் தொட 160 வாட் வேண்டும். டிஸ்டார்ஷன் இல்லாத கிளீன் டோனில் ஒரு மீட்டு மீட்டும்போது வருகிற திடீர் உச்சங்களுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டால், தொடர்ந்து 300, 400 வாட் கொடுக்கிற பெட்டி உங்களுக்குத் தாராளம். 2000 வாட் பற்றிப் பேசிய நண்பரிடம் அவர் வீட்டுச் சுவர்கள் நலமா என்று விசாரியுங்கள்.

அளவு விஷயத்தில் நான் 10 இன்ச் பக்கம். கிடாரின் ஆறாம் தந்தி 82 ஹெர்ட்ஸ். அதை டி-க்கு இறக்கினாலும் 73. ஒழுங்கான 10 இன்ச் பெட்டி எதற்கும் இது எட்டும் தூரம்தான். அதற்குக் கீழே பேஸ் கிடாரும் கிக் டிரம்மும் குடியிருக்கின்றன; அங்கே நீங்கள் போனால் சவுண்டு சர்வீஸ்காரர் எப்படியும் வெட்டிவிடுவார். 8 இன்ச் வீட்டுக்கும் சின்ன ரிகர்சல் அறைக்கும் போதும், டிரம் செட்டுக்குப் பக்கத்தில் மெலிந்துபோகும். 12 இன்ச்சில் உடம்பு இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு நிகழ்ச்சி முடிந்து அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குவது யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். என்னுடையதை இப்போதெல்லாம் என் மகன் தூக்குகிறான்.

இன்ச்சைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தப் பெட்டிகளில் கீழ் ஸ்தாயிக்குக் கீழே பெரிய ஸ்பீக்கர், மேல் ஸ்தாயிக்கு மேலே சின்ன ஹாரன். ஏறக்குறைய 2000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்று விட்டு இன்னொன்று பிடிக்கும். கிடாரின் பல், நகம் எல்லாம் இருக்கிற இடமும் கிட்டத்தட்ட அதுதான். மலிவுப் பெட்டிகளில் அந்தக் கைமாறல் சரியாக நடக்காது. கோரஸ் கலந்த கார்டு ஒன்றை மீட்டிவிட்டுத் தலையைக் கொஞ்சம் உயர்த்தித் தாழ்த்திப் பாருங்கள், சத்தத்தின் நிறமே மாறும். நாலு மீட்டர் தள்ளி நின்றால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். ஆனால் மேடையில் நீங்கள் நிற்பது ஒரு மீட்டரில். ஹாரனைப் பெரிய ஸ்பீக்கரின் நடுவிலேயே பொருத்திய கோஆக்சியல் வகைகளில் இந்தத் தொல்லை குறைவு. லைன் 6 பவர்கேப் அப்படிப்பட்டது. அதற்கு இன்னொரு வசதியும் உண்டு: கிடார் ஸ்பீக்கர் போல நடிக்கச் சொன்னால் நடிக்கும், அப்போது கேப் பிளாக்கை அணைத்துவிட வேண்டும்.

மற்றபடி கிடார் ஆம்ப் முகத்தோடு வருகிற பெட்டிகளும் இருக்கின்றன. ஃபெண்டர் 2023-ல் கொண்டுவந்த டோன் மாஸ்டர் எஃப்ஆர்-10, எஃப்ஆர்-12 இரண்டிலும் பேஸ், மிட், டிரெபிள் குமிழ்களோடு மேல் ஸ்தாயியை வெட்ட ஒரு குமிழும் உண்டு. மேடையில் அவசரத்துக்கு நல்ல வசதி. இன்னொரு பக்கம், யமஹா டிஎக்ஸ்ஆர்10, க்யூஎஸ்சி கே10.2 போன்ற, பாடகர்களுக்கும் கீபோர்டுக்கும் வைக்கிற ஆக்டிவ் பாக்ஸ்கள், அதாவது பவர் ஆம்ப் உள்ளேயே இருக்கிற பெட்டிகள். உங்கள் நிலையில் நான் இருந்தால் இந்த இரண்டாம் வகையைத்தான் வாங்குவேன். கிடார் இல்லாத நாளில் குழு ரிகர்சலில் மைக் செருகலாம், சர்ச் பாடகர் குழுவுக்குக் கொடுக்கலாம், பழுதானால் சவுண்டு சர்வீஸ் உலகத்தில் கைவைக்க ஆள் இருக்கும், விற்கப் போனாலும் கிடார்காரரைத் தேடி அலைய வேண்டாம். அழகாக இருக்காது, உண்மைதான். பின்னால் ‘கான்டூர்’ என்றோ வேறு பெயரிலோ ஒரு சுவிட்ச் இருந்தால் அணைத்துவிடுங்கள். அடிச்சத்தத்தையும் உச்சத்தையும் தூக்கிக் காட்டுகிற அந்த வேலை பாட்டுப் போடுவதற்கு, கிடாருக்கு ஆகாது.

பவர் ஆம்ப் உள்ளே இல்லாத பாஸிவ் பெட்டி பக்கம் போக வேண்டாம். கெம்பர் பவர்ஹெட் போல உள்ளேயே 600 வாட் பவர் ஆம்ப் வைத்திருக்கிற கருவிக்கு அது சரி. உங்கள் ஹீலிக்ஸில் பவர் ஆம்ப் கிடையாது.

கடைக்குப் போகும்போது உங்கள் கிடார், ஹீலிக்ஸ், ஹெட்ஃபோன் மூன்றையும் எடுத்துப் போங்கள். முதலில் கிடாரைத் தொடாதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டை ஃபோனிலிருந்து போடுங்கள். பாடகரின் ‘ச’வும் ‘ஸ’வும் ஊசியாகக் குத்துகிறதா? சிம்பல் மணல் கொட்டுகிற மாதிரி இருக்கிறதா? பாட்டையே ஒழுங்காகச் சொல்லாத பெட்டி கிடாரைப் பற்றியும் உண்மை பேசாது. அப்புறம் எதுவும் வாசிக்காமல் வால்யூமை முக்கால் பாகம் ஏற்றிவிட்டு ஹாரன் பக்கம் காதை வையுங்கள். மழை பெய்கிற மாதிரி இரைச்சல் வந்தால், சர்ச்சில் எல்லாரும் மௌனமாக ஜெபிக்கிற நேரத்தில் அது உங்களைக் காட்டிக்கொடுக்கும். இதெல்லாம் முடிந்த பிறகு கிடார். மேடையில் வாசிக்கிற சத்தத்துக்கே வாசியுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும்.

சத்தத்தின் அளவு பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பெட்டி வாங்கிய பிறகு என்னிடம் வருகிற புகார்களில் பெரும்பாலானவை பெட்டியைப் பற்றியவையே அல்ல. 1933-ல் ஹார்வி ஃப்ளெட்சர், வைல்டன் மன்சன் என்ற இரண்டு ஒலி ஆய்வாளர்கள் காது எந்த ஸ்தாயியை எந்தச் சத்தத்தில் எப்படிக் கேட்கிறது என்று வரைந்து காட்டினார்கள். மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கு அடிச்சத்தமும் உச்சமும் குறைவாகவே விழும். ராத்திரி பதினோரு மணிக்கு, குழந்தை தூங்குகிறது என்று மெல்ல வைத்து டோன் அமைக்கிற நீங்கள், தெரியாமலேயே இரண்டையும் தூக்கி வைப்பீர்கள். மறுநாள் மண்டபத்தில் அதே பிரீசெட்டை முழுச் சத்தத்தில் போட்டால் கீழே குமுறும், மேலே வெட்டும். பெட்டி மோசம் என்று சொல்லி அதை விற்றவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு.

வீட்டில் ஆள் இல்லாத ஒரு பிற்பகலில், டிரம்மோடு வாசிக்கிற சத்தத்தில் வைத்து உங்கள் நாலைந்து பிரீசெட்டைத் திரும்ப அமையுங்கள். கேப் பிளாக்கில், அடிச்சத்தத்தை வெட்டுகிற லோ கட்டை 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள், உச்சத்தை வெட்டுகிற ஹை கட்டை 6000 முதல் 8000-க்குள் வைத்துத் தொடங்குங்கள். தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் சப்பென்று இருக்கும். குழுவோடு சேர்ந்தால் சரியாக உட்காரும்.

அடுத்து, பெட்டியை வைக்கிற இடம். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ரிசப்ஷனில் நான் மிக்ஸரில் இருந்தேன். கிடார்காரர் பெட்டியைத் தரையில், சுவர் மூலையில், முழங்காலைப் பார்க்கிற மாதிரி வைத்திருந்தார். தரையும் இரண்டு சுவர்களும் சேர்ந்து அடிச்சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்க, ஹாரன் அவர் முழங்காலுக்கு மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது. காதுக்கு மந்தமாக விழவே அவர் கருவியில் டிரெபிளை ஏற்றினார். அதே சிக்னல்தான் எனக்கும் வருகிறது. முன் வரிசைப் பாட்டி காதைப் பொத்தினார். நான் மிக்ஸரில் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் குறைத்தேன். அடுத்த பாட்டில் அவர் இன்னும் ஏற்றினார், நான் இன்னும் குறைத்தேன். நாலு பாட்டு இப்படியே போனது. இடைவேளையில் மேடைக்குப் போய், பந்தி முடிந்து அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாலைச் சேர்த்து அடுக்கி, பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தி அதன் மேல் ஏற்றினேன். ஹாரன் அவர் நெஞ்சு மட்டத்துக்கு வந்தது. ஒரு கார்டு வாசித்தார், திரும்பி என்னைப் பார்த்தார், டிரெபிளைக் குறைத்தார். நாற்காலிக்குப் பதில் நீங்கள் ஒரு ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது மானிட்டர் மாதிரி சாய்த்து, முகத்தைப் பார்க்க வையுங்கள்.

அந்த இழுபறி உங்களுக்கு வராமலிருக்க ஹீலிக்ஸிலேயே வழி இருக்கிறது. எக்ஸ்எல்ஆர் அவுட்டை மிக்ஸருக்கும், கால் இன்ச் அவுட்டை உங்கள் பெட்டிக்கும் கொடுங்கள். குளோபல் செட்டிங்கில் வால்யூம் குமிழ் கால் இன்ச் அவுட்டை மட்டும் கட்டுப்படுத்தும்படி வையுங்கள். எல்லாப் பிரீசெட்டுக்கும் பொதுவாக ஸ்தாயிகளைக் கூட்டிக் குறைக்கிற குளோபல் ஈக்யூவையும் அதற்கு மட்டும் என்று வையுங்கள். அப்புறம் உங்கள் பெட்டியில் எதை ஏற்றினாலும் இறக்கினாலும் ஜனங்களுக்குப் போவது அசையாது. சவுண்டு சர்வீஸ்காரர் உங்களை அடுத்த நிகழ்ச்சிக்கும் கூப்பிடச் சொல்வார். எக்ஸ்எல்ஆர் செருகும் முன் அந்தச் சேனலில், சில மைக்குகளுக்காக மிக்ஸர் அனுப்புகிற 48 வோல்ட் பாண்டம் மின்சாரம் அணைந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஜெனரேட்டரில் ஓடுகிற மண்டபங்களில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் வரலாம். பெட்டியிலோ, கருவிக்கும் மிக்ஸருக்கும் நடுவில் வைக்கிற டிஐ பாக்ஸிலோ கிரவுண்டு லிஃப்ட் (சிக்னல் ஒயரின் கிரவுண்டை மட்டும் பிரிக்கிற) சுவிட்ச் இருந்தால் தட்டிப் பாருங்கள். இல்லையென்றால் பெட்டிக்கும் ஹீலிக்ஸுக்கும் ஒரே பிளக் போர்டிலிருந்து கரண்ட் எடுங்கள். பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை உடைத்துவிட்டால் உறுமல் போய்விடும் என்று மேடையில் யாராவது சொல்வார். போய்விடும்தான். கையில் கிடார் தந்தி, உதட்டில் மைக், எர்த் இல்லாத பெட்டி என்றால் நீங்களும் போய்விடலாம். அந்த ஆளிடம் ஸ்க்ரூடிரைவரைக் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருகிறார் என்றால் பின்பக்கத்தில் வோல்டேஜ் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த ஆக்டிவ் பாக்ஸ் ஒன்றை, 120 வோல்ட் என்று எழுதியிருந்ததைப் பார்க்காமல் நம் 230-ல் செருகியவன் நான். ‘டப்’ என்று ஒரு சத்தம், அப்புறம் வாடை. அந்தப் பெட்டி எழுப்பிய ஒரே சத்தம் அதுதான்.

பழைய ஆம்பை விற்காதீர்கள். ரிட்டர்ன் நன்றாக வேலை செய்தால், ஹீலிக்ஸில் பாதையை இரண்டாகப் பிரித்து, கேப் பிளாக் உள்ள கிளையை எக்ஸ்எல்ஆருக்கும், கேப் பிளாக் இல்லாத கிளையைக் கால் இன்ச்சுக்கும் அனுப்பலாம். ஜனங்களுக்கு மைக் வைத்த சத்தம், உங்களுக்கு முதுகில் அடிக்கிற ஆம்ப். இரண்டு முகூர்த்தம் அப்படி வாசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஃபுல் ரேஞ்ச் வேண்டும் என்று கை அரித்தால், 10 இன்ச் ஆக்டிவ் பாக்ஸுக்குப் போங்கள். சர்ச்சில் நல்ல மானிட்டரோ இயர்ஃபோனோ ஏற்கெனவே கொடுக்கிறார்கள் என்றால், அங்கே அதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.